பிளாஸ்டிங் கேபினெட்டும் வாக்குவம் கிளீனரும்: ஒரு மறுப்பு

பாகங்களின் மேல் மணிகளைக் காற்றழுத்தத்தில் அடித்துச் சுத்தம் செய்யும் பிளாஸ்டிங் கேபினெட்டை வாங்கும் பட்டறைகளில் டஸ்ட் கலெக்டரைப் பற்றிய யோசனை கடைசியில்தான் வருகிறது. பெட்டியின் அளவு, துப்பாக்கியின் வகை, கம்ப்ரசரின் திறன் எல்லாம் முடிவான பிறகு, மிச்சமிருக்கும் பணத்துக்கு ஏற்ப ஏதாவது ஒன்று மாட்டப்படுகிறது: கடையில் கிடைக்கும் வாக்குவம் கிளீனர், அல்லது அரைக் குதிரைத்திறன் புளோயரும் ஒரு துணிப்பையும், அல்லது எக்ஸாஸ்ட் ஃபேனும் சுவரைத் துளைத்து வெளியே போகும் ஒரு குழாயும்.

இந்த வழக்கத்துக்குப் பின்னால் ஒரு வாதம் இருக்கிறது. அதை அதன் முழு பலத்தோடு சொல்லிவிடலாம். கேபினெட் மூடிய பெட்டி. வேலை செய்பவர் வெளியே நிற்கிறார். கைகள் மட்டும் ரப்பர் கையுறைக்குள் நுழைந்திருக்கின்றன. கதவில் கேஸ்கெட் உண்டு, பார்ப்பதற்குக் கண்ணாடி உண்டு. திறந்த வெளியில் ஆற்று மணலை அடித்த காலத்தோடு ஒப்பிட்டால் இது எவ்வளவோ மேல். இப்போது பலரும் மணல் போடுவதில்லை. கார்னெட், அலுமினியம் ஆக்சைடு, கண்ணாடி மணி, ஸ்டீல் கிரிட் என்று மாறிவிட்டார்கள். பெட்டி ஓடுவதும் நாளுக்கு ஓரிரு மணி நேரம்தான். ஆகவே உறிஞ்சியின் வேலை, கண்ணாடி வழியே உள்ளே இருக்கும் பொருள் மங்காமல் தெரிய வைப்பது மட்டும்; அதற்குக் கேபினெட்டின் விலையையே இன்னொரு முறை செலவழிப்பது சிறு தொழிலுக்குக் கட்டுப்படியாகாது.

இந்த வாதத்தில் உண்மையான பகுதி ஒன்று உண்டு: கேபினெட் திறந்த வெளி பிளாஸ்டிங்கைவிடப் பாதுகாப்பானது. மற்றவை ஒவ்வொன்றாகத் தவறு. அதைக் கோலார் தங்கவயலில் வைத்துப் பார்ப்பதற்குக் காரணம் இருக்கிறது. ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனம் 1880-ஆம் ஆண்டு முதல் இங்கே தோண்டியது குவார்ட்ஸ் படுகையை. அந்தப் பாறையைத் துளையிட்டு, வெடி வைத்து, அள்ளி, மாவாக அரைத்தவர்களில் பெரும்பாலோர் வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் வந்த தமிழர்கள். இந்தியாவில் சிலிகோசிஸ் நோய் பற்றிய முதல் பெரிய ஆய்வு 1947-இல் வெளிவந்தது இந்தச் சுரங்கங்களிலிருந்துதான். பரிசோதிக்கப்பட்ட ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்களில் 40 விழுக்காட்டுக்கு மேல் நுரையீரலில் அந்த நோயோடு இருந்தார்கள். 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டது. 1964-இல் தொடங்கிய பெமல் கனரக இயந்திர ஆலையும் அதற்கு உதிரிபாகங்கள் செய்துதரும் சிறு பட்டறைகளும் ஊரில் மிஞ்சிய தொழிலின் முக்கியப் பகுதி. வார்ப்புகளையும் வெல்டிங் செய்த பாகங்களையும் பெயின்டுக்கு முன் சுத்தம் செய்ய பிளாஸ்டிங் வேண்டும். குவார்ட்ஸ் தூசி என்ன செய்யும் என்பதைக் குடும்பம் குடும்பமாக அறிந்த ஊரில், அதே வகைத் தூசியை எழுப்பும் பெட்டிக்கு ஒரு வாக்குவம் கிளீனர் போதும் என்று முடிவெடுப்பதற்கு வலுவான காரணம் வேண்டும். மேலே சொன்ன வாதத்தில் அது இல்லை.

ஒன்று. கண்ணாடி தெளிந்தால் காற்று சுத்தமாகிவிட்டது என்று யார் சொன்னது? கண்ணாடியை மங்கவைப்பது பெரும்பாலும் பருத்த துகள். 100 மைக்ரான் துகள் நின்ற உயரத்திலிருந்து சில விநாடிகளில் தரைக்கு வந்துவிடும். 10 மைக்ரான் துகளுக்கு ஏறத்தாழ மூன்று நிமிடம் ஆகும். 1 மைக்ரான் குவார்ட்ஸ் துகள், அசையாத காற்றில்கூட ஒன்றரை மீட்டர் இறங்க ஐந்து மணி நேரம் எடுத்துக்கொள்ளும். நுரையீரலின் கடைசிக் காற்றறைவரை போய்ச் சேருவது இந்தப் பொடிதான். கண்ணுக்குத் தெரியாது, மணம் கிடையாது, இருமல்கூட உடனே வராது. காலையில் ஓடிய பெட்டியின் தூசியை மாலையில் லேத்தில் நிற்பவர் சுவாசிக்கிறார்.

எவ்வளவு தூசி அதிகம் என்பதையும் சொல்லியாக வேண்டும். 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் தன் இரண்டாம் அட்டவணையில் ஒரு கணக்கு வைத்தது: நுரையீரலை எட்டக்கூடிய தூசியில் குவார்ட்ஸ் எத்தனை விழுக்காடோ அதோடு இரண்டைக் கூட்டி, அந்தத் தொகையால் பத்தை வகுத்தால் வருவதே ஒரு கன மீட்டர் காற்றில் இருக்கக்கூடிய மில்லிகிராம். தூசி முழுக்க குவார்ட்ஸ் என்றால் வரம்பு 0.1 மில்லிகிராமுக்குச் சற்றுக் குறைவு. அமெரிக்கா 2016-இல் இதில் பாதியாக, 0.05 மில்லிகிராம் என்று வைத்தது. இருபதுக்கு இருபது அடியும் பத்தடி உயரமும் உள்ள ஒரு பட்டறையின் காற்று ஏறத்தாழ 113 கன மீட்டர். அந்த அறை முழுவதையும் இந்திய வரம்புவரை கொண்டுபோக, நுண்தூசி 11 மில்லிகிராம் மிதந்தால் போதும். ஒரு சிட்டிகை உப்பு இதைப்போல் பல மடங்கு எடை. கண்ணை நம்பி இந்த அளவை யாரும் மதிப்பிட முடியாது.

இரண்டு. மூடிய பெட்டி என்கிறார்கள். அதற்குள் நிமிடந்தோறும் எவ்வளவு காற்று அடிக்கப்படுகிறது என்பதைக் கணக்கில் சேர்ப்பதில்லை. கால் அங்குல நாசில் 80 பிஎஸ்ஐ அழுத்தத்தில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 68 கன அடி காற்றை உள்ளே தள்ளும். அந்தக் காற்று எப்படியும் வெளியேறியாக வேண்டும். உறிஞ்சி அதைவிட அதிகமாக இழுத்தால் எல்லா இடுக்கு வழியாகவும் வெளிக்காற்று உள்ளே வரும். குறைவாக இழுத்தால் உள்ளிருக்கும் தூசி அதே இடுக்குகள் வழியே வெளியே வரும். கதவின் கேஸ்கெட், கையுறை மாட்டிய வளையம், துப்பாக்கிக் குழாய் நுழையும் ஓட்டை, கையுறையில் விழுந்த கீறல் எல்லாம் அப்போது புகைபோக்கிகள் ஆகின்றன. அவற்றில் பல, வேலை செய்பவரின் மார்புக்கு நேரே இருக்கின்றன.

வாக்குவம் கிளீனர் புதிதாக, ஃபில்டர் சுத்தமாக, குழாய் மாட்டாமல் ஓடும்போது நிமிடத்துக்கு 100 கன அடி அளவில் இழுக்கும். ஹோஸ் மாட்டி, ஃபில்டரில் தூசி படிந்தால் பாதியாகும். 68 உள்ளே வந்து 50 வெளியேறும் பெட்டியில் மிச்சம் 18 கன அடி ஒவ்வொரு நிமிடமும் பட்டறைக்குள் கசிகிறது. எவ்வளவு நல்ல கேஸ்கெட் போட்டாலும் இதைத் தடுக்க முடியாது.

மூன்று. வேலை முடிந்து கதவைத் திறக்கும் நொடியை எந்தக் கணக்கில் வைப்பது? கேபினெட் வேலையில் வேலையாளுக்கு ஒரே மூச்சில் அதிகத் தூசி கிடைப்பது பெரும்பாலும் அப்போதுதான். காலால் மிதிக்கும் பெடலை விட்டதும் காற்றின் சத்தம் நிற்கிறது. பாகம் முடிந்துவிட்டது, அடுத்தது காத்திருக்கிறது, கை நேராகக் கதவுத் தாழ்ப்பாளுக்குப் போகிறது. கதவு விரிந்த வேகத்தில் பெட்டியின் காற்று உருண்டு வெளியே வருகிறது. பாகத்தை எடுக்க முகம் அதற்குள் குனிகிறது.

தொழிலகக் காற்றோட்டத்துக்கு அமெரிக்க வல்லுநர் அமைப்பான ஏசிஜிஐஎச் தரும் வழிகாட்டல், பெட்டியின் காற்று நிமிடத்துக்கு 20 முறை மாற வேண்டும் என்கிறது. நான்கடி நீளம், மூன்றடி அகலம், மூன்றடி உயரம் என்றால் 36 கன அடி. இருபது முறைக்கு நிமிடத்துக்கு 720 கன அடி. பெட்டிக்குள் காற்று நன்றாகக் கலக்கிறது என்று வைத்துக்கொண்டால், பிளாஸ்டிங் நின்ற பிறகு தூசி நூற்றில் ஒரு பங்காகக் குறைய 14 விநாடி ஆகும். அதே பெட்டியில் 50 கன அடி இழுக்கும் வாக்குவம் கிளீனருக்கு மூன்றேகால் நிமிடம் ஆகும். 14 விநாடி காத்திருப்பதை ஒரு பழக்கமாக்கலாம். ஒவ்வொரு பாகத்துக்கும் மூன்று நிமிடம் சும்மா நிற்கச் சொன்னால் எந்தப் பட்டறையும் நிற்காது. முதலாளியும் நிற்க விடமாட்டார். தொழிலாளிக்குப் பொறுமை இல்லை என்று பழி சொல்லும் முன் உறிஞ்சியின் அளவைப் பார்ப்பது நியாயம்.

நான்கு. “இரண்டு குதிரைத்திறன் மோட்டார் போட்டிருக்கிறோம்” என்பது பதிலா? மோட்டாரின் திறன் அது எவ்வளவு சக்தி தரும் என்பதைச் சொல்லும். பெட்டியிலிருந்து எவ்வளவு காற்று வருகிறது என்பதைச் சொல்லாது. புளோயர், குழாய், ஃபில்டர் மூன்றும் சேர்ந்துதான் அதைத் தீர்மானிக்கின்றன. விற்பவர் சொல்லும் கன அடிக் கணக்கு பெரும்பாலும் எதுவும் மாட்டாமல் வாயைத் திறந்து ஓடவிட்ட புளோயருக்கு உரியது. கேட்க வேண்டிய கேள்வி வேறு: ஃபில்டரில் தூசி ஏறி, அதைத் தட்டிவிடும் நேரம் நெருங்கும்போது, அந்தத் தடையை எதிர்த்து இந்த ஃபேன் எத்தனை கன அடி இழுக்கும்? இதற்கு விடையாக ஃபேனின் அழுத்த வரைபடத்தைக் காட்ட முடியாத விற்பனையாளரிடம் வாங்கக் கூடாது.

குழாயில் நடக்கும் தவறு இன்னும் சாதாரணம். தூசி வழியில் படியாமல் போக குழாயில் காற்று நிமிடத்துக்கு 3,500 அடி வேகத்தில் ஓட வேண்டும். 720 கன அடிக்கு அது ஆறு அங்குலக் குழாய். கையில் இருக்கிறதே என்று நான்கு அங்குலக் குழாய் போட்டால் வேகம் இரண்டேகால் மடங்காகும்; தடை ஐந்து மடங்குக்கும் மேல் ஏறும்; சிறிய ஃபேனால் அதைத் தாண்ட முடியாமல் காற்று விழுந்துவிடும். தாராளமாக இருக்கட்டும் என்று பத்து அங்குலம் போட்டால் வேகம் மூன்றில் ஒரு பங்குக்கு இறங்கி, கிடைநீளக் குழாயின் அடியில் தூசி மேடு கட்டும். வளைவுகளை முழங்கை போல ஒடிக்காமல் நீண்ட வளைவாகக் கொடுப்பதும் இதே காரணத்துக்காகத்தான்.

ஃபில்டரின் பரப்பு மூன்றாவது. நிமிடத்துக்கு 720 கன அடிக்கு, பிளாஸ்டிங்கின் நுண்தூசியைக் கருதி, ஒரு சதுர அடி ஃபில்டருக்கு மூன்று கன அடிக்கு மேல் போகாமல் வைத்தால் 240 சதுர அடி வேண்டும். மடிப்பு மடிப்பாக உள்ள காட்ரிட்ஜில் இது எளிதாகக் கிடைக்கும். துணிப்பையில் கிடைக்க வேண்டுமானால் பை மிகப் பெரிதாக இருக்க வேண்டும். மர இழைப்புப் பட்டறைக்கு விற்கும் ஒற்றைப் பை, சீவலைப் பிடிக்கும். 2 மைக்ரான் குவார்ட்ஸ் அதன் நெய்தல் வழியாகவே வெளியேறும். அது பெட்டிக்குள் அடைந்திருந்த தூசியை அறை முழுக்கச் சமமாகப் பரப்பும் கருவியாக வேலை செய்கிறது.

ஐந்து. பெரிய உறிஞ்சி நல்ல கிரிட்டையும் இழுத்துப் போய்விடும் என்ற பயம், எதிர்த் தரப்பின் வாதங்களில் மிக நேர்மையானது. கார்னெட்டும் அலுமினியம் ஆக்சைடும் விலை உள்ளவை. ஆனால் இழப்பு உறிஞ்சும் அளவினால் வருவதைவிட, உறிஞ்சும் இடத்தினால் வருவது அதிகம். வெளிக்குழாயின் வாய்க்கு முன் தடுப்புத் தகடு வைத்து, காற்று உள்ளே வரும் வாயை எதிர்ப்பக்கத்தில் வைத்தால் கனமான மணிகள் தகட்டில் மோதிக் கீழே விழும். இடையில் ஒரு சைக்ளோன் வைத்தால் அது இன்னும் நேர்த்தியாகப் பிரிக்கும்: மறுபடி பயன்படும் மணி பெட்டிக்குத் திரும்பும், உடைந்த பொடி கலெக்டருக்குப் போகும். இழுப்பைக் கூட்டிக் குறைக்க ஒரு டாம்பர் போதும். பொடியை வெளியேற்றாத பெட்டியில் நடப்பது இதற்கு எதிரானது. உடைந்த பொடி மறுபடி மறுபடி துப்பாக்கிக்குள் போகிறது, வெட்டும் வேகம் குறைகிறது, ஒரு பாகத்துக்கு எடுக்கும் நேரமும் கம்ப்ரசரின் மின்கட்டணமும் ஏறுகின்றன. மணியை மிச்சம் பிடிக்க உறிஞ்சியைச் சுருக்குபவர் அதைவிட அதிகமாக வேறு கணக்கில் இழக்கிறார்.

ஆறு. மணல் போடாவிட்டால் ஆபத்து இல்லையா? மணலை விட்டது பெரிய முன்னேற்றம்தான். பிரிட்டன் 1949-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளில் மணல் பிளாஸ்டிங்கைத் தடைசெய்தது. ஜீன்ஸ் துணியை வெளுக்க மணல் அடித்த இளைஞர்கள் சில ஆண்டுகளிலேயே மூச்சடைத்து விழுந்த பிறகு, துருக்கி அந்த வேலையில் அதை 2009-இல் தடைசெய்தது. ஆனால் கேபினெட்டில் எழும் தூசி துப்பாக்கியிலிருந்து மட்டும் வருவதில்லை. அடிபடும் பொருளிலிருந்தும் வருகிறது. வார்ப்படத்தில் ஒட்டியிருக்கும் கருகிய அச்சு மணல் குவார்ட்ஸ்தான். பழைய இயந்திரப் பாகத்தின் பெயின்டில் ஈயமோ குரோமேட்டோ இருக்கலாம். ஈயம் நஞ்சு, ஆறு இணைதிறன் குரோமியம் புற்றுநோய் தருவது. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 1997-இல் குவார்ட்ஸ் உள்ளிட்ட படிகச் சிலிக்கா தூசியையும் புற்றுநோய் தருபவற்றின் முதல் வகையில் சேர்த்தது.

அலுமினியத்தைச் சுத்தம் செய்யும் பெட்டிக்கு வேறு ஆபத்து: அதன் நுண்பொடி காற்றில் கலந்தால் வெடிக்கும். நேற்று துருப்பிடித்த இரும்பு, இன்று அலுமினியம் என்று ஒரே பெட்டியில் ஒரே ஃபில்டரில் அடித்தால், இரும்பு ஆக்சைடும் அலுமினியமும் கலந்த பொடி ஒரு தீப்பொறிக்குக் காத்திருக்கும். மோட்டாரின் பிரஷ்கள் பொறி விடும் சாதாரண வாக்குவம் கிளீனருக்கு அந்தப் பொடியை ஊட்டுவது கூடவே கூடாது. அலுமினிய வேலைக்குத் தனிப் பெட்டியும், வெடிப்பைக் கணக்கில் கொண்டு செய்த தனிக் கலெக்டரும் வேண்டும். எந்த வேலையானாலும் பெட்டி, குழாய், கலெக்டர் மூன்றுக்கும் எர்த் கொடுக்க வேண்டும். சாதாரண பிளாஸ்டிக் ஹோஸில் தூசி உரசி ஓடும்போதே மின்னேற்றம் சேர்ந்துவிடும்.

ஏழு. வெளியே விட்டுவிட்டால் முடிந்ததா? தங்கவயலில் இதைக் கேட்க வேண்டியதே இல்லை. மாரிக்குப்பத்திலிருந்து ஊர் நெடுகிலும் நிற்கும் சயனைடு மேடுகள், அரைத்து, சயனைடால் தங்கத்தை எடுத்தபின் வெளியே கொட்டிய பாறை மாவுதான். காற்றுக் காலத்தில் அது வீட்டுக்குள்ளும் தண்ணீர்க் குடத்துக்குள்ளும் படிவதைப் பற்றி ஊர் பல தலைமுறைகளாக முறையிட்டு வருகிறது. சுவர் வழியே குழாயை வெளியே விடும் பட்டறை, தன் வேலையாளின் தூசியை அடுத்த லைன் வீட்டுக் குழந்தைக்கு மாற்றி விடுகிறது, அவ்வளவே. குழாய் முனையைத் தண்ணீர் டிரம்முக்குள் அமிழ்த்தும் உபாயமும் உண்டு. குமிழி பெரிது, துகள் சிறிது. குமிழியின் நடுவில் இருக்கும் நுண்தூசி தண்ணீரைத் தொடாமலே மேலே வந்து வெடித்து வெளியேறும். டிரம்மில் சேரும் சேறு பருத்த துகள் மட்டும். அந்தச் சேற்றைக் காட்டி முறை வேலை செய்கிறது என்று நம்புவதில்தான் ஏமாற்றம்.

சேர்ந்த தூசியைக் கொட்டும் வேலையையும் இங்கே சொல்ல வேண்டும். பையைக் கழற்றிச் சுவரில் தட்டினால் ஒரு வாரம் பிடித்தது ஒரு நிமிடத்தில் திரும்பி வரும். கலெக்டரின் அடியில் மூடியோடு கூடிய டிரம் இருக்க வேண்டும். உள்ளே உறைபோட்டு, கட்டி எடுத்துப் போக வேண்டும். ஈயமோ குரோமேட்டோ இருந்தால் அது அபாயக் கழிவு. இந்த வேலை நேரத்தில் பொருத்தமான மாஸ்க் கட்டாயம். மற்ற நேரத்தில் மாஸ்க்கை டஸ்ட் கலெக்டருக்குப் பதிலாக வைக்க முடியாது: முகத்தில் ஒட்டாத மாஸ்க்கின் விளிம்பு வழியே நுண்தூசி போகும், அடுத்த மேசையில் வெல்டிங் செய்பவர் மாஸ்க் போட்டிருக்கவும் மாட்டார்.

எட்டு. கட்டுப்படியாகாது என்பது கடைசி அரண். பணம் குறைவு என்பது உண்மையான நெருக்கடி. சிறு பட்டறை நடத்துபவர்களில் பலர் சுரங்கம் மூடியபோது வேலை இழந்த வீடுகளிலிருந்து வந்தவர்கள். ஆனால் பணம் குறைந்தால் வெட்ட வேண்டிய இடம் பெட்டி. எட்டில் ஒரு அங்குல நாசில் 80 பிஎஸ்ஐ அழுத்தத்தில் 17 கன அடி அளவில்தான் காற்று கேட்கும். இரண்டடி நீளமும் ஒன்றரை அடி அகலமும் உயரமும் உள்ள மேசைப் பெட்டி நாலரை கன அடி; இருபது முறைக்கு 90 கன அடி போதும். அந்த அளவுக்கு, நுண்தூசி ஃபில்டர் உள்ள நல்ல தொழில்முறை வாக்குவம் கிளீனர்கூடப் பொருந்தும், ஃபில்டரை ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால். பெரிய பாகங்கள் வருகிற பட்டறைகள் தனித்தனியே அரைகுறைப் பெட்டி வைப்பதைவிட, நான்கைந்து பட்டறைகளுக்கு ஒரு இடத்தில் முறையான பெட்டியும் கலெக்டரும் வைத்து ஜாப் வொர்க் முறையில் அடிப்பது செலவிலும் குறைவு. எட்டு மணி நேரமும் ஓடும் கருவிக்குப் போட்ட பணம் திரும்பும்; நாளுக்கு ஒரு மணி நேரம் ஓடுவதற்குத் திரும்பாது.

கணக்கின் மறுபக்கத்தில் இருப்பதையும் பெயர் சொல்லிக் குறிப்பிட வேண்டும். சிலிகோசிஸுக்கு மருந்து இல்லை. தூசியிலிருந்து விலகிய பிறகும் அது வளரும். காச நோய் எளிதில் தொற்றும். பத்து, இருபது ஆண்டு கழித்து மூச்சு வாங்கும்போது, அந்தத் தொழிலாளி எந்தப் பட்டறையில் எத்தனை மாதம் பிளாஸ்டிங் செய்தார் என்பதற்குச் சம்பளச் சீட்டுகூட இருக்காது. சுரங்கத் தொழிலாளிக்கு மருத்துவப் பதிவாவது இருந்தது. சட்டம் சிலிகோசிஸைத் தொழில் நோயாகவும் இழப்பீட்டுக்கு உரியதாகவும் வைத்திருந்தாலும், பதிவில்லாதவர் அதை நிரூபிக்க முடியாது.

மாட்டிய பிறகு கருவி சரியா என்று பார்க்க விலையுயர்ந்த மானி வேண்டாம். ஃபில்டரின் இரு பக்கத்திலும் சிறு குழாய் செருகி, வண்ணம் கலந்த தண்ணீர் நிறைத்த யு வடிவக் குழாயோடு இணைத்தால், நீர்மட்ட வித்தியாசம் ஃபில்டரின் தடையைக் காட்டும். புதிதாக மாட்டிய நாளின் அளவைச் சுவரில் எழுதிவைத்து, தயாரிப்பாளர் சொன்ன எல்லையைத் தொட்டதும் ஃபில்டரைச் சுத்தம் செய்ய வேண்டும் அல்லது மாற்ற வேண்டும். அதைவிட எளிய சோதனை: தீப்பற்றும் பொடி எதுவும் பெட்டியில் இல்லாதபோது, துப்பாக்கியை முழு அழுத்தத்தில் ஓடவிட்டு, கொளுத்திய ஊதுபத்தியைக் கதவின் விளிம்பு நெடுக, கையுறை வளையங்களைச் சுற்றி, ஹோஸ் நுழையும் ஓட்டையின் அருகில் கொண்டுபோவது. புகை எல்லா இடத்திலும் உள்ளே இழுக்கப்பட வேண்டும். ஓரிடத்தில் வெளியே தள்ளப்பட்டாலும் அந்தப் பெட்டியில் அன்றைக்கு வேலையைத் தொடங்கக் கூடாது.